ஸ்கோப்பு மாமி

மாமி தன் ஆயுசில் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை. தெருப் பிள்ளைகள் பொட்டு வெடி வெடித்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் துப்பாக்கியின் முதுகில் மாட்டுகிற தூரக்கண்ணாடி இருக்கிறதே, ஸ்கோப்பு, அதிலும் பழைய ஜப்பான் ஸ்கோப்பு, அதை இது தேறும் இது தேறாது என்று சொல்வதற்குப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவிலும் அவரை விட்டால் ஆள் கிடையாது. ரைபிள் கிளப்பில் சுடுகிறவர்கள், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பண்ணைக்காரர்கள் என்று யார் யாரோ லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவை விசாரித்துக்கொண்டு வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேரிடம் உங்கள் பொருள் குப்பை என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்தப் பாதிப் பேர் மறுபடி எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

மாமி என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. மாமா வளைகுடாவில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் வேலை பார்த்தார். அங்கே அரபிகள் புது ஸ்கோப்பு வாங்க வரும்போது பழையதைக் கழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். முதலாளி அதை மாமாவிடம் மலிவாகத் தள்ளிவிடுவார். லீவில் வரும் மற்றவர்கள் தைலமும் சென்ட்டும் கம்பளிப் போர்வையும் கொண்டுவருவார்கள். மாமாவோ ஏர்போர்ட்டில் காட்ட வேண்டியதைக் காட்டி, கட்ட வேண்டியதைக் கட்டி, இரண்டு மூன்று ஸ்கோப்பு கொண்டுவருவார். ஜப்பான் சாமான் என்றைக்கும் விலை போகும் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊரில் ஜப்பான் என்றாலே ஒரு மரியாதை உண்டு; டேப் ரிக்கார்டரில் இருந்து நைலக்ஸ் சேலைவரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி விற்ற ஊர் இது.

மாமியிடம் அது எடுபடாது. "ஜப்பான்லயும் சோம்பேறி இருப்பான்ல" என்பார்.

ஒரு தடவை மாமா லீவுக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். கார் வாசலில் நிற்கிறது. மனுஷன் இரண்டு வருஷம் கழித்து வீட்டுப்படி ஏறுகிறார். பெட்டியைத் திறந்து முதல் வேலையாக ஒரு ஸ்கோப்பை எடுத்து, பிள்ளையை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். மாமி அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஸ்கோப்பை வாங்கினார், திருப்பினார், ஒரு திருகாணியை நகத்தால் தடவினார். "இத எவனோ தொறந்திருக்கான். திருகாணி தலை சிதைஞ்சிருக்கு பாருங்க. உள்ள அடைச்ச காத்து அப்பவே போயிருக்கும். பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்றார். வந்த களைப்போடு மாமா சிரித்தார். "நல்லாருக்கியா புள்ள?" என்று கேட்டார். அப்போதுதான் மாமிக்குச் சோறு வைக்கிற நினைப்பே வந்தது.

மாமாவுக்கு எல்லாமே நல்ல பொருள். கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான், சம்பந்தம் பேசினாலும் அப்படித்தான். அவர் கொண்டுவருவதில் இருந்து தேறுவதைப் பொறுக்குவது மாமியின் வேலையாகிப்போனது. பொறுக்கிப் பொறுக்கித்தான் கற்றுக்கொண்டார். தேறியதை விற்றுத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்கள்.

எவ்வளவு அவசரம் என்றாலும் பகலில் பார்க்க மாட்டார். "நடு மத்தியானத்துல எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான் தம்பி. வெளிச்சம் போறப்ப பாரு. அப்பத்தான் அதோட வண்டவாளம் தெரியும்" என்பார். சாயங்காலம் அஸர் தொழுகை முடித்து மொட்டைமாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் ஸ்கோப்பை வைப்பார். எதிரே வெள்ளாறு, முக்கால்வாசி நாள் வெறும் மணல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திட்டக்குடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும், அதன் வயிற்றில் ஏதோ எழுதியிருக்கும். சூரியன் இறங்க இறங்க வெறும் கண்ணுக்கு அந்த எழுத்து மறையும். மஹ்ரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் கண்ணாடியில் அந்த எழுத்து நின்றால் பொருள் தேறியது. அதற்கு முன்னாலேயே கலங்கிவிட்டால் இல்லை.

அதோடு விடமாட்டார். முன்பக்கக் கண்ணாடியில் டார்ச்சு அடித்துப் பின்பக்கத்தில் இருந்து பார்ப்பார், உள்ளே பூசணம் பிடித்திருந்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும். மேலே இருக்கிற திருகைக் காதோரம் வைத்துத் திருப்புவார். இத்தனை சொடுக்கு மேலே போய் அத்தனை சொடுக்கு கீழே வந்தால், உள்ளே இருக்கிற கூட்டல் குறி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். பேரைப் பார்க்க மாட்டார். "ஒரே அடுப்புல வெந்த சோறு, பத்துக் கடை போர்டு" என்பார். பல கம்பெனிப் பெயரில் வந்த பழைய ஸ்கோப்புகள் ஜப்பானில் ஒரே பட்டறையில் செய்தவை என்பது அவருக்குத் தெரியும்.

பாடாலூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் யாரிடமோ பெரிய விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். மாமி பார்த்துவிட்டு, "திருகு ஒண்ணோடது, குழா ஒண்ணோடது, கண்ணாடி வேற எதோடதோ. மூணு பொணத்த வெட்டி ஒரு பொணம் செஞ்சிருக்கான்" என்றார்.

"ஜப்பான்னு போட்டிருக்குங்களே" என்றார் அவர்.

"போட்டிருக்கு. நான்கூடத்தான் நெத்தியில ராணின்னு எழுதிக்கலாம்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது.

எப்போதும் சிரிப்பாக இருக்கவில்லை. என் தங்கை நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் தாயாரிடமே போய், "அரிசி குழைஞ்சு போச்சு, ஒரு கொதி முன்னாடி எறக்கியிருக்கணும்" என்று சொன்னார். அவர்கள் வீட்டுப் பண்டாரி ஆக்கிய பிரியாணி அது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். மாமி ஒரு உண்மையைச் சொல்லி அந்தக் கல்யாணத்தையே ஆட்டிவைத்தார். அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போகும்போது எங்கள் குடும்பத்தில் மாமிக்குத் தெரியாமல்தான் போவோம். நான் பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டபோது, துஆ ஓதி முடித்துப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், பழத்தை மென்றுகொண்டே, "இந்தச் சந்துக்குள்ள எவன் வருவான்?" என்று கேட்டார். வருஷம் திரும்புவதற்குள் கடையை மூடினேன். அவர் சொன்னது பலித்தது என்பதில்லை என் கோபம். அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் அதே வாய்தான் என் பெண்டாட்டியின் தாளிச்சாவைச் சாப்பிட்டுவிட்டு ஒருநாள் "நல்லாருக்கு" என்றது. வேறு எதுவும் சொல்லவில்லை. என் பெண்டாட்டி அடுப்படிக்குப் போய் அழுதாள். நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், எனக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. மாமி நல்லது என்று சொன்னால் அது நல்லது. அதற்காக அவர் சொல்லும் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம்.

மாமி மௌத்தான அன்று, அடக்கத்துக்கான ஜனாஸா தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு சம்பவத்தைச் சொன்னார். கட்டின புருஷன் சாகக் கிடக்கும்போதுகூட, பணத்துக்காகக் குறையுள்ள பொருளை நல்ல பொருள் என்று சொல்லி விற்காத பெண்மணி என்று. முன் வரிசையில் கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பயானில் சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தபோது அந்த அறையில் இருந்தவன் நான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அது நடந்த வருஷம் மாமா வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். ஒரே பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளிலேயே நெஞ்சுவலி. திருச்சியில் காட்டியதில் ரத்தக் குழாய் மூன்று அடைத்திருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்தான் செய்ய வேண்டும் என்றார்கள். முன்பணம் கட்டினால் தேதி கொடுப்பார்கள். வெளிநாட்டிலேயே இருந்த மனுஷனுக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது. அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஒருபக்கம் அலைந்துகொண்டிருந்தேன். நகையெல்லாம் பெண்களோடு போய்விட்டது. வீட்டில் விற்கிற மாதிரி மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஸ்கோப்பு.

அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கருநீல இரும்புக் குழாய், கீறல் இல்லை, முன்பக்கம் மெல்லிய தங்க வளையம், அடிப்பக்கம் பொடி எழுத்தில் ஜப்பான். தைத்த தோலுறை வேறு. மாமா கொண்டுவந்ததிலேயே அதுதான் உசத்தி. அதனாலேயே அதை யார் கையும் படக்கூடாது என்று தோலுறைக்குள் போட்டு, பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். இரண்டு மழைக்காலம் கழித்து அவர் வந்துதான் பீரோ திறந்தது. மாமி அன்று அந்தியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்கு வெளிச்சம் வேணும், காத்து வேணும். நகைன்னு நெனச்சுப் பூட்டிட்டாரே" என்றார். தோல் ஈரத்தை இழுத்து உள்ளே பூசணம் ஏறியிருந்தது. அப்படியே கிடந்தது இத்தனை வருஷம்.

என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போன பிறகு நான் அரியலூரில் ஒரு மோட்டார் பம்பு கடையில் சேர்ந்திருந்தேன். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் எங்களிடம் சாமான் வாங்குவார். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். இந்த அலைச்சலுக்கு நடுவே ஒருநாள், மாமியின் பேரைக் கேள்விப்பட்டு என்னிடம் செல்போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். அவருடைய அப்பா தோப்புக்குள் துப்பாக்கியோடு நிற்கிறார். துப்பாக்கியின் மேல் தங்க வளையம் போட்ட ஒரு ஸ்கோப்பு.

"அப்பா வச்சிருந்த மாதிரியே ஒண்ணு கெடைக்குமா தம்பி? வெலையப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார்.

அதே பொருள், அச்சு அசல் அதேதான். அன்றே மாமியிடம் போய்ச் சொன்னேன். அடுப்படியில் நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"மாமி, அவரு வருவாரு, பாப்பாரு, எடுத்துக்குவாரு. நீங்க பொய் சொல்ல வேணாம். வாயத் தொறக்காம இருங்க, போதும். மாமாவ நெனச்சுக்குங்க."

"சரிப்பா" என்றார். நான் நம்பினேன்.

செந்துறை வழியாகக் காரில் வந்தார் அவர். மாமா உள் அறையில் கட்டிலில் படுத்திருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. மாமி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, தோலுறையோடு மேஜையில் வைத்தார். வந்தவர் அதை வெளியே எடுத்தார். போட்டோவையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "இதேதாங்க" என்றார். "எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு, "அதுல பூசணம் புடிச்சிருக்குங்க" என்றார்.

நான் இருமினேன். மாமி நிறுத்தவில்லை. "வெளியில பாக்கத்தான் அழகு. உள்ள கண்ணாடி போயிருச்சு. அந்திக்கு ஒண்ணும் தெரியாது. இருங்க, காட்டுறேன்" என்று டார்ச்சை எடுத்து வந்து, முன்னால் அடித்து, அவரைப் பின்னால் இருந்து பார்க்கச் சொன்னார்.

உள் அறையில் இருந்து மாமா குரல் கொடுத்தார். பேசினாலே அவருக்கு மூச்சு வாங்கும். "அது ஒண்ணும் பெருசில்லீங்க. தொறந்து தொடச்சாப் போயிடும்."

"போகாது" என்றார் மாமி. "மேல படிஞ்சதுன்னா தொடைக்கலாம். இது கண்ணாடியவே தின்னுருச்சு."

வந்தவர் மாமா படுத்திருந்த அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஸ்கோப்பைத் தோலுறைக்குள் வைத்து, பித்தானைப் போட்டு, மாமி பக்கமாக நகர்த்தினார். டீ கொடுத்தோம். முழுசாகக் குடித்தார். எழுந்து உள் அறை வாசலில் நின்று, "ஒடம்பப் பாத்துக்குங்க அய்யா" என்றார். மாமியிடம் திரும்பி, "பத்திரமா வச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்பியதும் நான் கத்தினேன். என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். நேர்மை முன்பணம் கட்டுமா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. மாமி சுவரில் சாய்ந்து நின்றார்.

"அந்தாளு அவங்க அப்பா நெனப்புல வந்திருக்காருப்பா. கண்ணு கலங்குது. அவருக்குப் போயி எப்புடிப்பா அதத் தள்ளிவிடறது?"

"உள்ள படுத்திருக்கறது யாரு மாமி?"

உள் அறையில் இருந்து மாமா கூப்பிட்டார். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளத் திட்டாத. நான் அத பீரோவுல பூட்டியிருக்கக் கூடாது" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு மாமி வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

அங்கே இங்கே கேட்டுப் புரட்டிக்கொண்டிருந்தோம். சேர்ந்தது போதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அட்டை விஷயமாக நான் பெரம்பலூரில் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது போன் வந்தது. ஜும்ஆ தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன மாமா குழாயடியிலேயே சரிந்துவிட்டாராம். ஆபரேஷன் செய்திருந்தால் இருந்திருப்பாரா என்று டாக்டரைப் பிறகு கேட்டேன். இருந்திருக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையோடுதான் நாங்கள் இருக்கிறோம்.

மாமி இத்தா இருந்தார். புருஷனை இழந்த பெண் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம் அது. உள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். அந்த நாட்களில்தான் முந்திரித் தோப்புக்காரர் துக்கம் கேட்க வந்தார். தாமதமாகத்தான் தெரியும் என்றார். நான்தான் கூடத்தில் உட்கார்ந்து அவரோடு பேசினேன். திரைக்குப் பின்னால் மாமி இருந்தார்.

பேச்சுவாக்கில் நான் சொன்னேன். "அன்னைக்கு அந்தப் பொருளு உங்களுக்கு ஆகியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருப்போம். என்ன பண்றது, கண்ணாடி போனத எடுத்துக்குங்கன்னு உங்களச் சொல்ல முடியுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடி எனக்கு எதுக்கு தம்பி?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க வூட்ல துப்பாக்கியே இல்லையே. அப்பா போனதும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு. கூடத்துல அப்பா போட்டோ இருக்கு, அதுக்குக் கீழ ஒரு கண்ணாடிப் பொட்டி செஞ்சு அதுல வைக்கலாம்னு கேட்டேன். அதுல யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"அப்ப ஏன் எந்திரிச்சுப் போனீங்க?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? அம்மா அவ்வளவு கொறை சொன்னாங்க. நம்ம பக்கம் ஒரு பொருளக் குடுக்க மனசில்லன்னா நேரா இல்லன்னா சொல்லுவோம்? அது கெடக்குது சொத்தை, அது எதுக்கு உங்களுக்குன்னுதான சொல்லுவோம். புருஷன் கொண்டாந்த பொருளு, அவரு வேற முடியாமப் படுத்திருக்காரு, அம்மாவுக்குப் பிரிய மனசில்ல போலன்னு நெனச்சேன். அதுக்கு மேல வற்புறுத்துனா நான் மனுசனா?" கொஞ்சம் நிறுத்தி, "ஆஸ்பத்திரிக்குன்னு எனக்கு யாரும் சொல்லலியே தம்பி" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். அது அசையவில்லை. அவர் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமி பாயில் உட்கார்ந்திருந்தார். தஸ்பீஹ் மணி மடியில் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மணியைக் கையில் எடுத்து, மறுபடி மடியிலேயே வைத்தார். கடைசியில்,

"எதுக்கு வேணும்னு நான் அவர ஒரு வார்த்தை கேக்கலியே தம்பி" என்றார்.

நான் பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கேட்டிருக்கணும், இல்ல?"

எல்லாம் அல்லாஹ் எழுதினது மாமி, நீங்க என்ன பண்ணுவீங்க என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வார்கள். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமி" என்றேன். "கேட்டிருக்கணும்."